கைஸ் அண்ட் டால்ஸ் லண்டன் மேடையேற்றம்: பழைய சிரிப்பு இன்னும் நிற்கிறதா?

பின்வரிசை:

லண்டன் பிரிட்ஜ் தியேட்டரில் 2023 மார்ச்சில் தொடங்கி 2025 ஜனவரி வரை ஓடியதே, அந்த கைஸ் அண்ட் டால்ஸ் என்ற பழைய அமெரிக்க இசை நாடகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பார்த்தவர்கள் பலரும் "நின்றுகொண்டு பார்த்தோம், மேடை நம் பக்கத்திலேயே எழும்பியது" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. 1950-இல் எழுதிய ஒரு நகைச்சுவைக்கு இன்றைக்கும் ஒரு கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் சிரிக்கிறது என்றால், அதை ஆடியவர்கள் எதைச் சரியாகச் செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நியூயார்க், பிராட்வே தெருக்கள். நேதன் டெட்ராய்ட் என்பவன் இடம் மாற்றி மாற்றி பகடைச் சூதாட்டம் நடத்துகிறவன். இந்த முறை இடம் பிடிக்க 1,000 டாலர் வேண்டும், கையில் இல்லை. எதற்கும் பந்தயம் கட்டுகிற ஸ்கை மாஸ்டர்சனிடம், நான் காட்டுகிற பெண்ணை நீ கியூபாவின் ஹவானாவுக்கு அழைத்துப்போக முடியாது என்று பந்தயம் போடுகிறான். காட்டுகிற பெண் சேரா பிரௌன், பாவிகளைத் திருத்த வந்த மிஷன்காரி. இன்னொரு பக்கம் நேதனின் காதலி அடிலெய்ட், நைட் கிளப் நடனக்காரி. நிச்சயதார்த்தம் ஆகி 14 வருஷம் ஆகிறது, கல்யாணம் ஆகவில்லை, தீராத ஜலதோஷம் மட்டும் இருக்கிறது.

இயக்குநர் நிக்கோலஸ் ஹிட்னர் தரைத்தளத்து நாற்காலிகளை எடுத்துவிட்டார். அங்கே பார்வையாளர்கள் நிற்கிறார்கள், மேடைத் துண்டுகள் அவர்களுக்கு நடுவே எழும்புகின்றன, இறங்குகின்றன. நியூயார்க் போலீஸ் உடை போட்ட மேடைப் பணியாளர்கள் கூட்டத்தை நகர்த்துகிறார்கள். சுற்றிலும் உட்கார்ந்து பார்க்கிறவர்களும் உண்டு. இதே அரங்கில் அவர் 2018-இல் ஜூலியஸ் சீசரையும் அடுத்த ஆண்டு மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீமையும் இதே முறையில் செய்தவர்தான், அதனால் இது ஒன்றும் திடீர் யோசனை இல்லை.

என் கருத்து இதுதான். இந்த ஏற்பாடு பொருந்தியது புதுமை என்பதால் அல்ல. இது தெருவின் கதை. சூதாடிகள், மிஷன் பேண்டு, பேப்பர் விற்கிறவன், போலீஸ்காரன், எல்லாரும் ஒரே நடைபாதையில் மோதிக்கொள்கிறார்கள். தெருவில் கூட்டம் இருந்தால்தான் நேதனுடைய பதற்றம் நமக்குத் தெரியும், ஏனென்றால் அவன் ஒளிய இடம் தேடுகிறவன். இரண்டாவது, அதைவிடப் பெரியது: அத்தனை பக்கத்தில் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆடியும், நடிகர்களில் ஒருவர்கூட "நான் இப்போது வேடிக்கை செய்கிறேன், பாருங்கள்" என்று கண்ணடிக்கவில்லை. டேனியல் மேஸ் நேதனாக வந்தபோது அவனுடைய 1,000 டாலர் பிரச்சினை அவனுக்கு உயிர்ப் பிரச்சினை. நாம்தான் சிரிக்கிறோம். அவன் ஒரு நொடிகூடச் சிரிக்கவில்லை. பழைய இசை நாடகத்தை எடுத்து ஆடுகிற எல்லோரும் முதலில் பிடிக்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். உங்கள் எண்ணம் என்ன?

கேலரி டிக்கெட்:

நான் மேலே உட்கார்ந்து பார்த்தவள். பிடித்திருந்தது, ஆனால் உங்கள் அளவுக்கு என்னால் போக முடியவில்லை.

இந்த நாடகத்தில் சத்தமான பாட்டுகளைப் போலவே மெல்லிய பாட்டுகளும் இருக்கின்றன. விடிகாலைத் தெருவைப் பற்றி ஸ்கை பாடுகிற "மை டைம் ஆஃப் டே". சேராவின் தாத்தா ஆர்வைட் அவளுக்கு ஒரு துணை கிடைக்கட்டும் என்று வாழ்த்திப் பாடுகிற "மோர் ஐ கேனாட் விஷ் யூ". இந்த இரண்டுக்கும் அசைவே இல்லாத அரங்கு வேண்டும். கீழே நூற்றுக்கணக்கான பேர் கால் மாற்றிக்கொண்டு, அடுத்து எந்தப் பக்கம் நகரச் சொல்வார்களோ என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது தாத்தாவின் பாட்டு காற்றில் போகிறது. பாட்டு நல்லபடியாகத்தான் பாடப்பட்டது. கேட்கிறவர்கள் மனது கேட்கிற நிலையில் இல்லை. அவ்வளவுதான்.

இன்னொன்று, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நிற்பது எல்லோராலும் முடியாது. முட்டி வலிக்காரர்கள், வயதானவர்கள், சின்ன உயரக்காரர்கள் எல்லோரும் உட்காரும் டிக்கெட்டுக்குப் போய்விடுகிறார்கள், அப்புறம் அவர்கள் பார்ப்பது நாடகத்தோடு சேர்த்து நாடகம் பார்க்கிற கூட்டத்தையும்தான். நகைச்சுவையில் இது ஒரு இடைஞ்சல். கீழே இருப்பவர்கள் எதற்கோ சிரிக்கிறார்கள், மேலே இருக்கிற எனக்கு நடிகரின் முதுகு தெரிகிறது.

மரிஷா வாலஸின் அடிலெய்ட் பற்றி மட்டும் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். அந்தக் குரல் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் வந்து சேர்ந்தது. மற்ற தயாரிப்புகளில் அடிலெய்டை ஒரு கீச்சுக்குரல் பொம்மையாக ஆக்கிவிடுவார்கள், இவர் அவளை ஏமாற்றப்பட்டே களைத்துப்போன ஒரு பெண்ணாகக் காட்டினார், அதனாலேயே சிரிப்பு இரட்டிப்பாக வந்தது.

ஆர்மோனியம்:

இசைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்வரிசை சொன்ன "கண்ணடிக்காமல் ஆடுவது" என்பது நடிகரின் நல்ல குணம் மட்டும் இல்லை, அது பாட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பாட்டெழுதி இசையமைத்த ஃபிராங்க் லெஸ்ஸர் இந்த நாடகத்தில் செய்த காரியம், அற்பமான விஷயத்துக்கு மிக மரியாதையான இசை வடிவத்தைக் கொடுப்பது. தொடக்கத்தில் மூன்று பேர் குதிரைப் பந்தயத் தாளைப் பார்த்துக்கொண்டு எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று பாடுகிறார்கள். பாட்டுக்குப் பெயர் "ஃபியூக் ஃபார் டின்ஹார்ன்ஸ்". ஒருவன் தொடங்கிய வரியை அடுத்தவன் சில தாளம் தள்ளிப் பிடிக்கிறான், மூன்றாமவன் அதற்கும் பின்னால். தேவாலயத்தில் கேட்க வேண்டிய கட்டுக்கோப்பு, பொருள் என்னவோ குதிரை. சரி, இதை மூன்று பேரும் பரீட்சை எழுதுகிற மாதிரி கவனமாகப் பாடினால் அரங்கு முதல் நிமிஷத்திலேயே நாடகத்தின் கையில் வந்துவிடும். "நாங்கள் கோமாளிகள்" என்று தோளைக் குலுக்கிக்கொண்டு பாடினால் மூன்று குரலும் குழம்பி, வரியும் கேட்காது, சிரிப்பும் வராது.

அதே மாதிரி சூதாடிகள் பேசும் வசனம். மூலக்கதைகளை எழுதிய டேமன் ரன்யனின் ஆட்கள் சுருக்கிப் பேச மாட்டார்கள். முழு வாக்கியங்களில், வக்கீல் நோட்டீஸ் மாதிரி மரியாதையாகப் பேசுவார்கள். கையில் துப்பாக்கி, வாயில் இலக்கணம். நடிகர் இதை அவசரமாக, நம் காலத்துப் பேச்சு வேகத்தில் சொன்னால் பாதி நகைச்சுவை அங்கேயே போயிற்று.

"அடிலெய்ட்ஸ் லமெண்ட்" என் கணக்கில் இசை நாடக மேடையின் மிகச் சிறந்த நகைச்சுவைப் பாட்டு. அவள் ஒரு மருத்துவப் புத்தகத்தை எடுத்து வாசிக்கிறாள். கல்யாணம் தள்ளிப்போகிற பெண்ணுக்கு மனச்சுமையால் உடம்பு நோவு வரலாம் என்று புத்தகம் நீளமான கடினச் சொற்களில் சொல்கிறது. அவள் தட்டித் தடுமாறி வாசிக்கிறாள், பிறகு நிமிர்ந்து, அதைத் தன் பாஷையில் ஒரே வரியில் சொல்கிறாள்: அதாவது, ஆளுக்கு ஜலதோஷம் பிடிக்கும். பாட்டு முழுக்க இந்த இரண்டு படிதான், வாசிப்பு, புரிந்துகொள்வது. ஒவ்வொரு முறை புரியும்போதும் அவளுக்கு நேதன் மேல் கோபம் ஒரு படி ஏறுகிறது. கடைசிக்குப் போகும்போது அவள் தும்மலோடு அழுகையின் ஓரத்தில் நிற்கிறாள். கன்டக்டர் இங்கே அவசரப்பட்டால் தொலைந்தது. வாசிப்புக்கும் புரிதலுக்கும் நடுவே ஒரு மூச்சு இடம் வேண்டும், அந்த மூச்சில்தான் கூட்டம் அவளுக்கு முன்னால் புரிந்துகொண்டு சிரிக்கத் தயாராகிறது. மரிஷா வாலஸ் அந்த மூச்சை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றினார், அது எனக்கு மிகவும் பிடித்தது.

இன்னொரு தகவல், எழுதுகிறவர்களுக்குச் சுவையாக இருக்கும். வழக்கமாகக் கதை வசனம் முதலில், பாட்டு பிறகு. இங்கே ஜோ ஸ்வெர்லிங் எழுதிய முதல் வடிவம் சரிவரவில்லை என்று ஏப் பர்ரோஸைக் கொண்டுவந்தார்கள், அப்போது லெஸ்ஸரின் பாட்டுகள் பெரும்பாலும் தயாராக இருந்தன. பர்ரோஸ் அந்தப் பாட்டுகளுக்குப் போய்ச் சேருகிற வழியாகக் காட்சிகளை எழுதினார். அதனால்தான் ஒவ்வொரு காட்சியும் பாட்டின் வாசலில் போய் நிற்கிறது. மறு மேடையேற்றத்தில் "இந்தக் காட்சி பழசு, வெட்டலாம்" என்று கை வைத்தால் பின்னால் வரும் பாட்டு காலில்லாமல் நிற்கும்.

நேதனுக்கு ஏன் பாட்டு இவ்வளவு குறைவு என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில்: முதல் நேதனான சாம் லெவீனுக்குச் சுருதி நிற்காது. ஆனால் நகைச்சுவை நேரம் தவறாது. ஆகவே அவருக்கென்று "சூ மீ" ஒன்றுதான் எழுதினார்கள், அதிலும் அடிலெய்ட் வேகமாகத் திட்டித் தீர்க்கிறாள், நேதன் மெதுவாகக் கெஞ்சுகிறான். பாடத் தெரியாத ஆளை வைத்துக்கொண்டு அதையே கதாபாத்திரமாக்கிய பாட்டு அது.

தெருக்கூத்து ரசிகை:

ஆர்மோனியம் எழுதியதைப் படித்தபோது கூத்துதான் நினைவுக்கு வந்தது. கட்டியங்காரன் கூட்டத்தைப் பார்த்துப் பேசலாம், கேலி செய்யலாம், அது அவனுக்குக் கொடுத்த வேலை. ராஜா வேஷக்காரர் அதைச் செய்தால் கூத்தே கலையும். இந்த நாடகத்தில் கட்டியங்காரனே இல்லை, எல்லோருமே ராஜா வேஷம். அதனால் பின்வரிசை சொன்னதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். ஹவானா காட்சி. ஸ்கை சேராவுக்குப் பால் பானம் என்று சொல்லி வாங்கிக்கொடுக்கிறான், அதில் பக்கார்டி ரம் கலந்திருக்கிறது, ராத்திரியில் பால் கெடாமல் இருக்க இதைச் சேர்ப்பார்கள் என்கிறான். அவள் விஷயம் தெரியாமல் குடித்துக்கொண்டே போகிறாள். 1950-இல் இது அப்பாவிப் பெண்ணைப் பற்றிய ஒரு சிரிப்பு. இன்றைக்கு அரங்கில் இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்த இடத்தில் ஒரு நெருடல் வராமல் இருக்காது. எனக்கு வந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணுக்கும் வந்தது என்று முகத்திலேயே தெரிந்தது.

கடைசியில் வருகிற "மேரி த மேன் டுடே" இன்னொன்று. முதலில் கட்டிக்கொள், மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பெண்களும் முடிவெடுக்கிறார்கள். பெண் என்றால் தந்திரக்காரி, ஆண் என்றால் மாட்டிக்கொள்கிறவன் என்ற பழைய கணக்குத்தானே இது? இதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு "கிளாசிக்" என்று கும்பிட வேண்டுமா? கிஸ் மீ, கேட் என்ற இன்னொரு பழைய இசை நாடகத்தின் 2019 பிராட்வே மேடையேற்றத்தில் கடைசிப் பாட்டில் பெண்களைக் குறித்த சொல்லை மனிதர்கள் என்று மாற்றினார்கள். 1999-இல் ஆனி கெட் யுவர் கன் என்ற இசை நாடகத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது செவ்விந்தியர்களைக் கேலி செய்த பாட்டை எடுத்தே விட்டார்கள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

பின்வரிசை:

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

ஆனி கெட் யுவர் கன்னில் அந்தப் பாட்டை எடுத்தது சரி. ஒரு மக்கள் கூட்டத்தையே வேடிக்கைப் பொருளாக்குகிற பாட்டு அது, எப்படி நடித்தாலும் மாறாது. ஆனால் ஹவானா காட்சி வேறு. அதன் முடிவைப் பாருங்கள். அவள் போதையில் அவனிடம் இங்கேயே இருந்துவிடலாம் என்கிறாள். அவன்தான் மறுத்து, இது பந்தயத்துக்காக நடந்தது என்று உண்மையைச் சொல்லி, அவளைத் திருப்பி அழைத்துவருகிறான். ஸ்கை திருந்தத் தொடங்குகிற இடம் அது. முன்பாதியை எடுத்துவிட்டால் அவனுக்குத் தவிர்க்க வேண்டிய தப்பே இல்லாமல் போகிறது, பிறகு அவன் எதிலிருந்து மாறினான்?

பிரிட்ஜ் தியேட்டரில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்றால், வசனத்தைத் தொடாமல் இடத்தை மாற்றினார்கள். அந்த ஹவானா மதுக்கூடம் ஓரினச்சேர்க்கையாளர்கள் கூடுகிற இடம். அங்கே ஸ்கையோடு ஆட வருகிறவன் ஓர் ஆண், சேராவின் பொறாமை அவன் மேல் பாய்கிறது. முன்னெல்லாம் அங்கே ஒரு கியூபா நடனக்காரியை வைத்து, இரண்டு பெண்கள் ஓர் ஆணுக்காக அடித்துக்கொள்வதாகக் காட்டுவார்கள். அது போயிற்று. காட்சியின் எலும்பு அப்படியே இருக்கிறது, சிரிப்பு புதியது, சேராவும் வெறும் அப்பாவியாக இல்லாமல் தானே இறங்கிச் சண்டை போடுகிறாள். எனக்கு இது கத்தரிக்கோலைவிட நல்ல வழியாகத் தெரிகிறது.

பழைய ரெக்கார்டு:

லண்டனோடு நிற்காமல் மற்ற மேடையேற்றங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பின்வரிசையின் கருத்துக்கு வலு கூடும்.

முதல் மேடையேற்றம் 1950 நவம்பரில், ஜார்ஜ் காஃப்மன் இயக்கம், மைக்கேல் கிட் நடனம், 1,200 காட்சிகள். 1951-இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசே இதற்குத்தான் போகவிருந்தது என்றும், பர்ரோஸ் அப்போது கம்யூனிஸ்ட் தொடர்பு பற்றிய அரசு விசாரணைகளில் சிக்கியிருந்ததால் நின்றுபோனது என்றும் நாடக வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அந்த ஆண்டு நாடகப் பிரிவில் பரிசு யாருக்கும் தரப்படவில்லை.

1955 திரைப்படத்தைப் பார்த்துவிட்டு நாடகத்தை எடைபோடாதீர்கள். பாட்டுக்காரரான ஃபிராங்க் சினாட்ராவை நேதனாகவும், பாட்டு வராத மார்லன் பிராண்டோவை ஸ்கையாகவும் போட்டார்கள். "மை டைம் ஆஃப் டே", "ஐவ் நெவர் பீன் இன் லவ் பிஃபோர்", "எ புஷல் அண்ட் எ பெக்" எல்லாம் போயின, சினாட்ராவுக்காக ஒரு புதுப் பாட்டு வந்தது. பாடத் தெரியாத நேதன் என்ற அடித்தளமே அங்கே கலைந்துவிட்டது.

1976-இல் பிராட்வேயில் முழுக்கக் கறுப்பின நடிகர்களோடு வந்தது, ராபர்ட் கியோம் நேதன். 1982-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ரிச்சர்ட் அயர் இயக்கினார், பாப் ஹாஸ்கின்ஸ் நேதன், ஜூலியா மெக்கென்சி அடிலெய்ட். அரசு உதவியில் நடக்கிற தீவிர நாடக அரங்குக்கு பிராட்வே நகைச்சுவை எதற்கு என்ற கேள்வியெல்லாம் அந்த ஒரு தயாரிப்போடு அடங்கியது.

1992 பிராட்வே மேடையேற்றம்தான் என் அளவுகோல். ஜெரி ஜாக்ஸ் இயக்கம், நேதன் லேன், ஃபெயித் பிரின்ஸ், பீட்டர் கலஹர். 1,143 காட்சிகள். சிறந்த மறு மேடையேற்றம், சிறந்த இயக்கம் இரண்டுக்கும் பிராட்வேயின் டோனி விருது, ஃபெயித் பிரின்ஸுக்கு நடிப்புக்கான டோனி. அதன் ஒலிப்பதிவைக் கேளுங்கள், நேதன் லேன் எவ்வளவு பெரிய நகைச்சுவை நடிகர், ஆனாலும் ஒரு வரியைக்கூடத் தூக்கிப் பிடித்துக் காட்டவில்லை. (அதில் நைஸ்லி நைஸ்லி என்ற சூதாடியாகப் பாடுகிற வால்டர் பாபிதான் நான்கு வருஷம் கழித்து சிகாகோ என்ற இசை நாடகத்தின் மறு மேடையேற்றத்தை இயக்கியவர்.)

இப்போது 2009. டெஸ் மெக்கனஃப் இயக்கம். காலத்தை 1930-களுக்குத் தள்ளினார், கதாசிரியர் டேமன் ரன்யனையே ஒரு பாத்திரமாக மேடையில் நடக்கவிட்டார், பின்னால் பெரிய திரைகளில் நகரம் ஓடியது. 113 காட்சிகளில் மூடிவிட்டார்கள். பாட்டு அதே, வசனம் பெரும்பாலும் அதே. எழுத்தாளரை மேடையில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன நடக்கும்? இவர்களெல்லாம் ஒருவரின் கற்பனை என்று நாடகமே சொல்லிவிடுகிறது. அப்புறம் நேதனின் 1,000 டாலருக்காக யார் பதறுவார்கள்? பிரிட்ஜ் தியேட்டர் இதற்கு நேர் எதிர். அங்கேயும் நியான் விளக்கு, இயந்திரம் எல்லாம் உண்டு, ஆனால் எல்லாம் அந்தத் தெருவை நம்பவைப்பதற்கு.

ஒத்திகை அறை:

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சைப் பார்த்தேன். எங்கள் அமெச்சூர் குழு இந்த நாடகத்தை எடுத்திருக்கிறது, நான் இயக்குகிறேன். உரிமம் மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் மூலமாக. அங்கே விதி கறாரானது: வசனமோ பாட்டு வரியோ பாத்திரங்களோ, அனுமதி இல்லாமல் எதையும் மாற்றக்கூடாது. ஆகவே தெருக்கூத்து ரசிகை சொன்ன இடங்களில் எனக்குக் கத்தரிக்கோல் கிடையாது. நடிப்பிலும் நடமாட்டத்திலும்தான் எதையாவது செய்ய முடியும்.

எனக்கு மூன்று இடங்களில் உதவி வேண்டும். ஒன்று, பாதாளச் சாக்கடையில் நடக்கும் சூதாட்டக் காட்சி. சிகாகோ ரௌடி பிக் ஜூல் புள்ளியே இல்லாத பகடையை வைத்துக்கொண்டு, புள்ளி எங்கே இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொல்லி நேதனின் பணத்தை வாரிக்கொண்டு போகிறான். எங்கள் ஆட்கள் இதில் சிரிப்பை அடக்க முடியாமல் திணறுகிறார்கள். இரண்டு, "சிட் டவுன், யு ஆர் ராக்கிங் த போட்" பாட்டை ஆட்டம் பாட்டமாக ஆக்கினால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்குப் பிறகு வருகிற காட்சி செத்துவிடுகிறது. மூன்று, கடைசியில் அந்த இரண்டு பெண்களின் பாட்டு. எங்கள் நடிகைகள் இருவருக்குமே அதைப் பாடப் பிடிக்கவில்லை.

ஆர்மோனியம்:

முதல் இரண்டுக்கும் நான் சொல்கிறேன்.

பிக் ஜூல் காட்சியில் சிரிப்பு எங்கே இருக்கிறது? அவன் ஏமாற்றுவதில் இல்லை. ஏமாற்றுகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்தும், அவனிடம் துப்பாக்கி இருப்பதால், யாரும் வாய் திறக்க முடியாமல் மரியாதையாக விளையாடுவதில்தான் இருக்கிறது. உங்கள் ஆட்களிடம் பகடையைப் பார்க்கச் சொல்லாதீர்கள். பிக் ஜூலின் கையைப் பார்க்கச் சொல்லுங்கள், அந்தக் கை கோட்டுப் பைக்குப் பக்கத்தில் எப்போது போகிறது என்று. பயம் வந்தால் அவர்களுக்குச் சிரிப்பு தானாக நின்றுவிடும், அரங்குக்கு வந்துவிடும். ஒவ்வொரு முறை உருட்டிய பிறகும் அவன் எண்ணைச் சொல்வதற்கு முன் ஒரு மௌனம் விடுங்கள்.

"சிட் டவுன்" பாட்டுக்கு வருவோம். அங்கே நிலைமை என்ன? மிஷனை மூடிவிடலாமா என்று பார்க்க ஜெனரல் கார்ட்ரைட் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஸ்கையிடம் பந்தயத்தில் தோற்ற சூதாடிகள் வேண்டாவெறுப்பாகப் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். யாராவது சாட்சி சொல்லியாக வேண்டும். நைஸ்லி நைஸ்லி எழுந்து ஒரு கனவை அவிழ்த்துவிடுகிறான். முதல் பகுதியில் அவன் திக்கித் திக்கித்தான் பாட வேண்டும், அடுத்த வரி என்ன என்று அவனுக்கே தெரியாது. மற்றவர்கள் ஓ, இவன் சமாளித்துவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் ஒவ்வொருவராகச் சேர வேண்டும். எல்லோரும் முதல் வரியிலேயே கை தூக்கி ஆடத் தொடங்கினால் பாட்டுக்கு ஏற வேண்டிய படியே இல்லாமல் போகிறது. ஒன்ஸ்மோர் கேட்டாலும் கதை ஓட்டத்தில் நின்றுகொண்டே கொடுங்கள், வெளியே வந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். பாட்டு முடிந்த கையோடு போலீஸ்காரர் பிரானிகன் உள்ளே வருகிறார், அப்போது எல்லோரும் பாட்டின் மூச்சிரைப்போடு அப்படியே உறைய வேண்டும். கைதட்டல் முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் அவருடைய வருகைக்கு வேலை இல்லை. கைதட்டல் இறங்குகிற நேரத்தில், அது ஓய்வதற்கு முன்பே, அவரை நடக்கவிடுங்கள். காட்சி சாகாது.

கேலரி டிக்கெட்:

ஒத்திகை அறை அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாவின் பாட்டை நேரம் இல்லை என்று வேகமாக ஓட்டிவிடாதீர்கள். அமெச்சூர் மேடையில் உங்களுக்கு ஏறி இறங்கும் தளம் கிடையாது, நகர்கிற கூட்டம் கிடையாது, எல்லோரும் உட்கார்ந்து ஒரே பக்கம் பார்க்கிறார்கள். நான் லண்டனில் இழந்ததாகச் சொன்ன அமைதி உங்கள் அரங்கில் இலவசமாகவே இருக்கிறது. இரண்டு நாற்காலி, ஒரு விளக்கு, தாத்தாவும் பேத்தியும். அவர் அவளைப் பார்த்துப் பாடட்டும், அரங்கைப் பார்த்து வேண்டாம்.

பழைய ரெக்கார்டு எழுதியதைப் படித்த பிறகு நின்று பார்க்கும் ஏற்பாட்டைப் பற்றிய என் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. 2009-ஐ நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஆனாலும் நிற்க முடியாதவர்களைப் பற்றிச் சொன்னதை விட மாட்டேன். இனி இப்படிச் செய்கிறவர்கள் உட்காருகிற பக்கங்களில் இருந்தும் ஒரு ஒத்திகையை முழுக்கப் பார்த்துவிட்டுத் திறக்கட்டும்.

தெருக்கூத்து ரசிகை:

மூன்றாவது கேள்வியைக் கிளப்பியவள் நான்தான், அதற்கு நானே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

அந்தப் பாட்டு வருகிற இடத்தைத் திரும்பப் படித்தேன். அடிலெய்டும் சேராவும் நாடகம் முழுக்க ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை. ஒருத்தி நைட் கிளப், ஒருத்தி மிஷன். இரண்டு பேரும் ராத்திரி தெருவில் தற்செயலாகச் சந்திக்கிறார்கள், இரண்டு பேரும் அன்றைக்குத்தான் காதலனை உதறியிருக்கிறார்கள். அடிலெய்ட் தன் அம்மாவுக்குக் கடிதத்தில் கல்யாணம் ஆகிவிட்டது, ஐந்து குழந்தைகள் என்றெல்லாம் பொய் எழுதிக்கொண்டிருந்தவள். அவளுக்கு இந்தப் பாட்டில்தான் முதன்முதலாக ஒரு தோழி கிடைக்கிறாள். உங்கள் நடிகைகளிடம் ஆண்களை மாற்றுவதைப் பற்றிய பாட்டாக இதைக் கொடுக்காதீர்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வியாபாரத் திட்டம் போடுகிற பாட்டாகக் கொடுங்கள். தொடக்கத்தில் தள்ளித் தள்ளி நிற்கட்டும், ஒருத்தி சொன்னதை மற்றவள் முடிக்கும்போதெல்லாம் ஓர் அடி கிட்டே வரட்டும். ஆண்கள் பெயர் வருகிற இடத்தில் முகத்தில் தந்திரம் வேண்டாம், கணக்குப் போடுகிற கவனம் போதும். 14 வருஷம் காத்திருந்தவளுக்குக் கணக்குப் போட உரிமை இருக்கிறது.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். கல்யாணக் காட்சியில் அடிலெய்ட் இனி நேதன் தினமும் ராத்திரி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான் என்று கனவோடு சொல்லும்போது நேதன் பலமாகத் தும்முகிறான். அவளுடைய ஜலதோஷம் அவனுக்கு மாறிவிட்டது. பெரும்பாலான குழுக்கள் அப்போதே பூவும் இசையுமாக ஆரவாரத்தைக் கிளப்பிவிடுவதால் தும்மல் காதிலேயே விழாது. ஆர்க்கெஸ்ட்ராவை அங்கே நிறுத்தி வையுங்கள். நேதனாக நடிப்பவரிடம் தும்மலை உண்மையான தும்மலாகப் பழகச் சொல்லுங்கள். அடிலெய்ட் திரும்பி அவனைப் பார்த்த பிறகு கன்டக்டர் கையைத் தூக்கட்டும்.